மணி அடிக்காத நாட்கள்

ஜனவரி 12

மருமகளுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று உன் அத்தை சொல்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "என் மருமக, எனக்குத் தெரியாதா?" என்கிறாள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். முப்பது வருடம் கிரைண்டிங் மிஷின் பக்கத்தில் நின்ற காது இது. போனில் யார் பேசினாலும் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு காரணம்.

நீ கிளம்பின அன்று நான் சொன்னதைப் பற்றி இதில் எதுவும் எழுதப்போவதில்லை. கார் கம்பெனியில் பத்து மாதப் பயிற்சி என்று காகிதத்தை நீட்டினாய். "நம்ம நாற்காலிக்கு நட்டு முடுக்க ஆள் இல்ல, ஊரான் காருக்கு முடுக்கப் போறியா?" என்று கேட்டேன். பட்டறையில் பத்தொன்பது பேருக்கு முன்னால் கேட்டதுதான் உனக்கு வருத்தம் என்று உன் அத்தை சொல்கிறாள். மெதுவாகக் கேட்டிருக்கலாம்தான். என் தொண்டைக்கு அது தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் முந்நூறு சக்கர நாற்காலி கேட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு முப்பது போக வேண்டும். நம் பட்டறை இதுவரை இருபதைத் தாண்டியதில்லை. பெரிய ரோட்டில் புதிதாக ஒருவன் ஷெட் போட்டிருக்கிறான். நான் எப்போது தடுமாறுவேன், மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகலாம் என்று காத்திருக்கிறான். தினமும் எனக்கு வணக்கம் வேறு சொல்கிறான்.

நீ இருக்கிற கம்பெனி ஒரு காலத்தில் யாருக்கும் பெயர் தெரியாத கம்பெனி. இன்றைக்கு எந்தத் தெருவில் நின்றாலும் அவன் கார் ஹாரன் அடிக்கிறது. எப்படி ஜெயித்தான்? அதைத் தெரிந்துகொண்டு எழுது. கதையெல்லாம் வேண்டாம், நாலு வரி போதும். நீ அங்கே போனதில் இந்த வீட்டுக்கும் ஏதாவது பிரயோஜனம் இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன் நன்றாக இருக்கிறான். வெல்டிங் முகமூடியைப் போட்டால் கழற்றுவதே இல்லை. பேச்சு வழக்கம் போலத்தான். கேட்டதற்கு "சரிப்பா", கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

மாமா


ஜனவரி 25

மாமாவுக்கு வணக்கம்.

நாலு வரி கேட்டீர்கள். நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு இங்கே ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே கம்பெனிச் சுவர். வேலையில் ஐம்பத்தெட்டு விநாடிக்கு ஒரு கார் என்னைக் கடக்கும். அதற்குள் வலது பக்கக் கதவுக்கு ரப்பர் மாட்டி, நாலு போல்ட் முடுக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தாலும் விரல்கள் தானாக முடுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு இடத்தில் நிம்மதியாக நிற்க மறந்துவிட்டது.

ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சரியாக நாலே போல்ட். கார் போன பிறகு பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தால், காரில் ஒன்று இல்லை என்று அர்த்தம். ஞாபக சக்தியை நம்ப வேண்டியதில்லை. இதை நம் பட்டறையில் நாளைக்கே செய்யலாம்.

பெரிய விஷயம் தலைக்கு மேலே தொங்குகிற கயிறு. வேலை செய்கிற யாராக இருந்தாலும், ஏதாவது கோணலாகக் கண்ணில் பட்டால் இழுக்கலாம். மணி அடிக்கும். கார் அந்த இடத்தைக் கடப்பதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். மூன்றாம் நாள் எனக்கு வந்த ரப்பரில் ஒரு மடிப்பு இருந்தது. கை கயிறு வரை போய்ப் போய்த் திரும்பியது. உண்மையைச் சொல்கிறேன் மாமா, அந்த நேரத்தில் என் காதில் கேட்டது உங்கள் குரல்.

இழுத்துவிட்டேன். எங்கள் வரிசைத் தலைவருக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கிற பெயர் 'கல்'. சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஓடி வந்தார். முதலில் தேங்க்ஸ் என்றார். பிறகுதான் என்ன என்று கேட்டார். ஏன் மடிப்பு, ஏன் பெட்டியில் அப்படி அடுக்கியிருக்கிறது, ஏன் தள்ளுவண்டியின் தட்டு அவ்வளவு தாழ்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக 'ஏன்' கேட்டுக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் தட்டை உயர்த்திவிட்டார்கள். யார் செய்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நாலு வரியில் வேண்டுமானால் இதுதான்: தப்பைப் பார்த்தவர் அங்கேயே நிறுத்தலாம். நிறுத்தினவரை யாரும் முறைக்கக் கூடாது. இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

அன்று நீங்கள் சொன்னதைப் பற்றி நானும் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் பேசினீர்கள், உங்கள் மகன் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எது அதிகம் வலித்தது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

அத்தையை மூட்டு வலி மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 27

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த வாரமே கயிறு கட்டிவிட்டேன். பட்டறை நெடுகக் கயிறு, நடுவில் பள்ளிக்கூடத்து மணி. போல்ட் பெட்டியும் வைத்தாயிற்று. லேத்துக்காரர் மட்டும், "கார் கம்பெனியே இங்க வந்துருச்சு, இனி சம்பளமும் அந்த ரேஞ்சுக்கு வருமா முதலாளி?" என்று கேட்டார். அவர் வாயை அடைக்கக் கயிறு இல்லை.

முதல் நாள் பதினோரு மணிக்கே மணி அடித்தது. இருக்கைத் துணி தைக்கிற அம்மா இழுத்துவிட்டார். நூல் தளர்வாக ஓடுகிறதாம். நானும் உன் கல் மாதிரியே ஓடினேன். "யாரு இழுத்தது?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அந்தம்மா கையில் இருந்த கத்தரியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "தாராளமா இழுங்க, யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சரியான காரணம் இருக்கணும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மணி அடிக்கவே இல்லை! ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டினேன். 'மணி அடிக்காத நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் நானே எண்ணை மாற்றுகிறேன். இன்றைக்கு இருபது. ஐம்பதைத் தொட்டால் எல்லாருக்கும் ஒரு நாள் லீவு, என் செலவில் விருந்து என்று அறிவித்திருக்கிறேன். பத்தொன்பது பேரும் கை தட்டினார்கள். உன் கார் கம்பெனியில் இப்படி ஒரு பலகை இருக்கிறதா? இல்லையென்றால் என் பெயரைச் சொல்லி அவர்களுக்குக் கொடு.

இன்னொன்று, இது என் சொந்த மூளை. பிரேக் கம்பியைத் தாங்கும் தகட்டை இத்தனை வருடமாக மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வெல்டு வைத்துக் குழாயோடு ஒட்டினோம். கீழே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எதற்கு என்று யோசித்தேன். மேலே மட்டும் போதும் என்று பத்தாம் தேதியிலிருந்து மாற்றிவிட்டேன். ஒரு நாற்காலிக்கு நாலு நிமிஷம் மிச்சம். வாரத்துக்கு முப்பது கணக்காகப் போகிறது. ரோட்டுக்காரனின் வணக்கத்தில் இப்போது கொஞ்சம் சுரத்துக் குறைந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரன் இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே பட்டறைக்குப் போய்விடுகிறான். என்னடா அவ்வளவு சுறுசுறுப்பு என்று கேட்டால், "சும்மாப்பா" என்கிறான். பலகையைப் பார்த்து அவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

மாமா


மார்ச் 9

மாமாவுக்கு வணக்கம்.

கோபப்படாமல் படியுங்கள். இதற்கு முன்னால் எழுதின மூன்று கடிதங்களைத் தபால் பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள் மாமா.

போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வரிசையில் ஒருவரும் கயிற்றை இழுக்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. கல் வந்தார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வரிசை நெடுக நடந்தார். "இன்னைக்கு என்ன ஆச்சு? எல்லாரும் எதை முழுங்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார். கார் செய்கிற இடத்தில் ஒரு நாளைக்குக் குறையே வராமல் இருக்காது, வந்த குறை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் எண்ணம். அவர் கேட்ட பிறகு, மதியத்துக்குள் ஏழு தடவை இழுத்தோம். ஏழும் காலையிலேயே கண்ணில் பட்டவை.

இருபது நாள் ஒரு பட்டறையில் மணி அடிக்கவில்லை என்றால் யாரோ எதையோ முழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஐம்பதுக்கு விருந்து வேறு வைத்திருக்கிறீர்கள். நாற்பத்தொன்பதாம் நாள் யாராவது ஒரு குறையைப் பார்த்தால், பதினெட்டு பேருடைய லீவைக் கெடுத்துவிட்டு அவர் எப்படி இழுப்பார்?

அந்த ஒற்றை வெல்டை நன்றாகச் சோதித்தீர்களா? பிரேக் போடும்போது முழு எடையும் அந்தத் தகட்டில்தானே வரும்? எனக்கு வெல்டிங் தெரியாது. உங்கள் மகனுக்குத் தெரியும். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்கிற வரைக்கும் பேசாமல் நில்லுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும். அவருக்கு எப்போதுமே நேரம் ஆகும்.

மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

கேட்டேன். தனியாக எதற்கு, நம் பட்டறையில் ஒளிவுமறைவு கிடையாது என்று எல்லாருக்கும் முன்னாலேயே கேட்டேன். "டேய், என் வெல்டுல ஏதாவது குறை இருக்காடா?" "இல்லப்பா" என்றான். நீ சொன்ன மாதிரி நேரம் எல்லாம் ஆகவில்லை. பட்டென்று சொன்னான். லேத்துக்காரரைக் கேட்டேன், தையல்காரம்மாவைக் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு, குறை இல்லை என்றார்கள்.

இப்போது உனக்குத் திருப்தியா?

இரண்டு மாதம் போல்ட் முடுக்கிவிட்டு, முப்பது வருடப் பட்டறைக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய். நான் கேட்டது ஜெயிப்பதற்கு வழி. நீ எழுதுவது பயப்படுவதற்கு வழி. இன்றைக்குப் பலகையில் முப்பத்தெட்டு. இந்த மாத ஆரம்பத்தில் உன் வீட்டுக்காரன் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலில் படுத்துவிட்டான். அப்போதுகூட இன்னொரு வெல்டரை வைத்து முப்பத்தாறு நாற்காலி அனுப்பினேன், தெரியுமா? எழுந்து வந்தவன் லாரி போய்விட்டதா என்றுதான் முதலில் கேட்டான். போய்விட்டது என்றேன். முகம் வெளுத்துப் போனது. காய்ச்சல் இன்னும் விடவில்லை போல.

அவன் மனதில் எதையாவது எழுதிப் போட்டுக் கலைக்காதே. அவன் பேசாத பிள்ளை. ஆனால் என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

மாமா


மார்ச் 31

மாமா,

உங்கள் கடிதமும் அவர் கடிதமும் இன்றைக்கு ஒன்றாக வந்தன. இன்றைக்கே இதைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். யோசித்தால் மறுபடியும் கிழித்துவிடுவேன்.

ஒற்றை வெல்டு தாங்காது. பிரேக்கை நூறு, நூற்றைம்பது தடவை இழுத்தால் தகட்டின் கீழ்ப்பக்கம் விலகி, மேல் வெல்டில் மயிரிழை விரிசல் விடுகிறது. இதை உங்கள் மகன் பிப்ரவரியிலேயே, அந்த நாற்காலிகள் முதல் லாரியில் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டார். உங்களிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போவது உங்கள் பலகையைப் பார்த்து வந்த உற்சாகம் இல்லை. நீங்கள் வருவதற்குள், முந்தின நாள் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, கீழ் வெல்டை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எழுதினார். யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதினார்.

காய்ச்சலில் படுத்தபோது போன முப்பத்தாறுக்கும் கீழ் வெல்டு இல்லை.

பிப்ரவரி கடைசியில் இருந்து எனக்குத் தெரியும். ஐந்து வாரம். இங்கே ரப்பரில் ஒரு மடிப்பு இருந்தால் மணி அடிக்கிறேன். அங்கே நடக்க முடியாத மனிதர்கள் உட்காருகிற நாற்காலியில் பிரேக் நிற்காது என்று தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அவர்தான் சரிசெய்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருமகள் சொன்னால் மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல், கணவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். உங்களுக்கு எழுதின போன கடிதத்தில் சுற்றி வளைத்தேனே தவிர, நேராகச் சொல்லவில்லை. அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் என்னை மன்னிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நீங்களும்தான். பரவாயில்லை.

நாற்காலிகளைத் திரும்ப வாங்குங்கள் மாமா. அதற்கு முன்னால் ஒன்று. எல்லாரும் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? 'இடி'. நானும் அப்படித்தான் சொல்வேன், அத்தையும் சிரித்துக்கொண்டே சொல்வார். உங்கள் மகன் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. தயவுசெய்து அவரை அடித்துவிடாதீர்கள். முப்பத்தொரு வயது அவருக்கு.

மருமகள்


ஏப்ரல் 19

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். முதல் நாள் கிழித்துப் போட்டேன். இரண்டாம் நாள் பொறுக்கி எடுத்து ஒட்டினேன். உன் அத்தை பசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். உன் வீட்டுக்காரன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை. முடித்து வைத்திருந்த நாற்காலி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். தகட்டுக்குக் கீழே, நான் வேண்டாம் என்று சொன்ன இடத்தில், வெல்டு. அவன் கைவேலை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். மீன் செதில் மாதிரி சீராக அடுக்கியிருந்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான். வந்த வழியே வெளியே போய்விட்டேன்.

ஆனாலும் நான் நானாயிற்றே, லேசில் ஒப்புக்கொள்வேனா? இன்னொரு வெல்டரை வைத்து ஒற்றை வெல்டில் ஒரு நாற்காலி செய்யச் சொன்னேன். பிரேக்கை நானே உட்கார்ந்து நூற்று அறுபது தடவை இழுத்தேன். பிறகு லாரி ஏற்றும் சரிவில் நாற்காலியை வைத்து, பிரேக்கைப் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்தேன். எண்பத்திரண்டு கிலோ. 'டக்' என்று ஒரு சத்தம். நேராகப் போய் பெயிண்ட் டப்பாக்களில் விழுந்தேன். முழங்காலில் ஏழு தையல், பாதி உடம்பு நீலம். பட்டறை மொத்தமும் பார்த்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. லேத்துக்காரர்கூட. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உன் வீட்டுக்காரன்தான் ஓடி வந்து தூக்கினான். "டேய்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பலகையை இறக்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நானே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். மிச்ச ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வார்டாக அவனும் நானும் வேனோடு அலைந்ததில் முப்பத்தைந்து கிடைத்துவிட்டன. ஒன்பதில் விரிசல் விட்டிருந்தது.

முப்பத்தாறாவது கிடைக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த ஒரு அம்மாவுக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கொடுத்த முகவரியில் ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார்களாம். மேட்டுத் தெரு எதிலோ இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மேட்டுத் தெருவாம்! ஊரில் பாதி மேடுதான். தினமும் ஐந்து மணிக்கு மேல் இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போகிறோம். தையல் போட்ட காலோடு ஏன் வருகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்கார முடியவில்லை எனக்கு.

மாமா


ஏப்ரல் 28

மாமா,

கிடைத்ததா? ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

இன்றைக்கு ஒன்றுமே இல்லாததற்குக் கயிற்றை இழுத்துவிட்டேன். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் கோணலாகத் தெரிந்தது. கல் வந்து பார்த்தார். ரப்பரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, என் இடத்தில் அவரே நின்று முடுக்கினார். உட்கார முடியாமல் சுவரோரம் நடந்துகொண்டே இருந்தேன்.

சரிவான தெருவைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. தெரிந்த அன்றே சொல்லியிருந்தால் அந்த நாற்காலி ஆஸ்பத்திரியை விட்டே போயிருக்காது. உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கால் எப்படி இருக்கிறது? நீலம் போனதா? அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

அவர் எனக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதச் சொல்லுங்கள். அதுகூட வேண்டாம், சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதினால் போதும்.

மருமகள்


மே 10

மருமகளுக்கு,

கிடைத்துவிட்டது. அந்த அம்மா பத்திரமாக இருக்கிறார். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

பதினோராவது தெருவில் கிடைத்தது. மேட்டின் உச்சியில் கடைசி வீடு. வாசலில் இருந்து நேராகக் கீழே பஸ் ஓடுகிற சாலை வரைக்கும் சரிவு. அந்த வாசலில் அந்த அம்மா நம் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவராம், குரல் என் குரலுக்குச் சமம். பின் சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல் இருந்தது.

"பிரேக் ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாரமே தெரியும். அதுக்குத்தானே செங்கல்."

"ஏம்மா ஆஸ்பத்திரில சொல்லல?"

"சொன்னா நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் எதுல உக்கார்றது? செங்கல் போதும். பழகிருச்சு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் திரும்பி உன் வீட்டுக்காரனைப் பார்த்தேன். இவன் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புது நாற்காலியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினோம். சாவியைப் போடப் போனான், கையைப் பிடித்தேன். "நீ எத்தனை வருஷமாடா செங்கல் வச்சுட்டு இருக்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நீ சொன்ன மாதிரி பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவிளக்கு எரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பது இவ்வளவு வேலை என்று எனக்கு இத்தனை வயதில்தான் தெரிகிறது.

அவன் பேசினான். ஒன்றரை மணி நேரம். பேசாத பிள்ளை என்று நான் எழுதினேனே, அவனா! சின்ன வயதில் நான் தூக்கி எறிந்த பொம்மை லாரியில் ஆரம்பித்தான். பைப் வளைக்கிற மிஷினை அவன் சொன்ன இடத்தில் வைக்காமல் நான் வேறு இடத்தில் வைத்தது வந்தது. தையல்காரம்மாவிடம் நான் "யாரு இழுத்தது?" என்று கேட்ட கேள்வியை, என் குரலிலேயே செய்து காட்டினான். அப்படியா கேட்டேன் நான்? இரண்டு தடவைதான் குறுக்கே பேசினேன். எனக்கு அது சாதனை.

கடைசியில் சொன்னது உன்னைப் பற்றி. நீ கிளம்பின அன்று அவன் முகமூடியோடு சும்மா நின்றதை என் பக்கம் நிற்கிறான் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். "நானும் அவளோட போறேன்" என்று சொல்ல வந்தானாம். நான் போட்ட கூச்சலில் சொல்லாமலே விட்டுவிட்டானாம். இத்தனை மாதமாக அதைச் சுமந்துகொண்டு ஆறு மணிக்கு எழுந்து என் தப்புக்கு வெல்டு வைத்திருக்கிறான். மருமகளே, எனக்கு அழுகை வந்துவிட்டது. வேனை ஓட்டச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மிச்ச ஆர்டரில் பாதியைத்தான் நமக்குத் திரும்பக் கொடுத்தார்கள். மீதி ரோட்டுக்காரனுக்குப் போய்விட்டது. வயிறு எரிகிறது, அதை மறைக்கப்போவதில்லை. இப்போது கீழ் வெல்டை நானும் வைக்கிறேன், ஆள் போதவில்லை. நேற்று அந்த இன்னொரு வெல்டர் வந்து, "முதலாளி, உங்க வெல்டு சரியில்ல" என்றான். எனக்கு வந்த கோபத்தில் ஷெட்டை இரண்டு தடவை சுற்றி வந்தேன். பிறகு அரைத்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மணி இப்போது நாளைக்கு நாலைந்து தடவை அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்கிறது. பழக மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று பத்தொன்பது பேர் முன்னால் உன்னைச் சொன்னது தப்பு. அதைப் பத்தொன்பது பேர் முன்னாலேயே போன வாரம் சொல்லிவிட்டேன். சரியாகச் சொன்னால் பதினெட்டு பேர். பெயிண்டர் லீவு. அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் பயந்துவிட்டான்.

உன் வீட்டுக்காரன் ஏன் உனக்கு எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லையாம். வருகிறேன் என்று எழுதினால் இதுவும் எழுதுவதோடு நின்றுவிடும் என்று பயந்தானாம். மிச்சம் இருக்கிற மாதங்களுக்கு உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் கேட்டான். கேட்கக்கூட இல்லை, சொன்னான். பட்டறையை யார் பார்ப்பது என்று என் வாய் நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். திரும்பி வருவானா, நீங்கள் இரண்டு பேரும் வருவீர்களா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதைக் கேட்டு எழுத மாட்டேன்.

அவனே வருவதால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மூன்று நாள் பயணம் அவனுக்கு, வழியில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான். இவ்வளவு நீளக் கடிதத்தை, கொண்டுவந்தவனை வாசலிலேயே நிற்க வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாய். போதும், உள்ளே கூப்பிடு.

மாமா